அண்ணி அடித்த பக்கங்கள்

அலுவலகத்தில் அவருக்கு 'ஒரு பக்கம்' என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் வாழ்கிறது. புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஏதாவது ஒரு ப்ரோகிராமை ஓட்டி, வந்த முடிவைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க அவர் முன்னால் வந்து நிற்கும். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"எல்லாம் சரி. ஒரு பக்கத்தைத் தொறந்து கண்ணால பாத்தியா?"

பார்க்கவில்லை என்றால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார். "சிஸ்டமே சொல்லுதே சார்" என்று யாராவது வாயைத் திறந்தால் போச்சு, அன்று முழுக்க உர்ரென்று உட்கார்ந்திருப்பார். கிறுக்குப் பிடித்த மனுஷன் என்று பிள்ளைகள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். சிரிக்கட்டும். கேட்க வேண்டிய ஒரு நாளில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதற்குச் சேர்த்து வைத்து இப்போது எல்லாரிடமும் கேட்டுத் தீர்க்கிறார். தீருமா என்பது வேறு விஷயம்.

அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போய்விட, அண்ணன்தான் எல்லாமும். கல்யாணம் ஆன கையோடு தம்பியையும் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். புதுக் குடித்தனத்தில் கல்லூரிக்குப் போகும் கொழுந்தன் ஒருவன் குறுக்கும் நெடுக்கும் நடந்தால் எந்தப் பெண்ணுக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். அண்ணிக்கு வரவில்லை. "உங்கண்ணனை வாங்கினதுக்கு இலவசமா வந்த சரக்குடா நீ" என்று தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுத் தட்டைக் கழுவிப் போடுவார். அண்ணி ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். வீட்டில் யோசனையாக உட்கார்ந்திருக்கும்போதுகூட விரல்கள் மேஜையில் எதையோ அடித்துக்கொண்டே இருக்கும். தம்பி படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டு, அதே கட்டடத்தில் அதே மாடியில் எதிர் வீட்டுக்குக் குடிவந்தார். கதவைத் திறந்தால் அண்ணி வீட்டுக் கதவு.

அப்புறம் அண்ணன் படுத்த படுக்கையானார். உடம்பு அசைய மறுத்தது. முதுகிலும் இடுப்பிலும் கொப்புளம் கிளம்பி, உடைந்து, புண்ணாகி, நீர் வடிந்தது. அண்ணி வக்கீல் ஆபீசை விட்டார். வெந்நீர், பஞ்சு, மருந்து, துணி என்று நாள் முழுக்க அந்தக் கட்டிலைச் சுற்றியே இருந்தார். கணவரைப் புரட்டிப் போட்டு, ஒவ்வொரு புண்ணாகக் கழுவித் துடைத்து, நடுவில் ஏதாவது சொல்லிச் சிரிக்கவும் வைப்பார். ஒரு நாள்கூட அவர் மூக்கைச் சுளித்து யாரும் பார்த்ததில்லை.

மூக்கைச் சுளித்தது தம்பிதான். சுளித்ததோடு நிற்கவில்லை. வாசலை ஒட்டிய அந்த முன்னறைக்குள் காலடி வைக்கவே அவருக்குக் கூசியது. கைக்குட்டையும் கையுமாக வாசற்படியில் நின்று எட்டிப் பார்ப்பார். அண்ணன் கட்டிலிலிருந்து தலையைத் திருப்பி, "என்னடா, வேலை ஜாஸ்தியாமே?" என்பார். "ஆமாண்ணே, தலைக்கு மேல கெடக்கு" என்று இவரும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். நல்ல வேளை, அண்ணன் வெள்ளந்தி மனுஷன் என்று நினைத்துக்கொண்டே படியிறங்குவார். கடைசிவரை வாசற்படியைத் தாண்டவில்லை. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு, தான் உள்ளே போகாததை யாரும் கவனிக்கவில்லை என்று அவருக்கு ஓர் ஆறுதல் இருந்தது. நமக்கு வேண்டிய ஆறுதலை நாமே செய்துகொள்வதில் யாருக்குத்தான் கைத்திறமை குறைவு?

அவர் வேலை பார்த்தது ஒரு சின்ன கம்பெனி. அந்தச் சமயத்தில் ஒரு பெரிய தோல் ஆஸ்பத்திரியின் பழைய நோயாளிக் குறிப்புகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் வேலையை முதலாளி பிடித்து வந்திருந்தார். கரையான் தின்றது போக மிஞ்சிய காகிதங்கள் கட்டுக் கட்டாக வந்து இறங்கின. பெரிய ஹால் ஒன்றில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அடித்தார்கள். டாக்டர் எந்த நோயைத் தேடினாலும் அந்தப் பக்கம் வந்து நிற்க வேண்டும். அந்தத் தேடலை எழுதுவது நம் ஆளின் பொறுப்பு.

வீட்டில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணியை அவர்தான் அந்த ஹாலுக்குக் கூட்டி வந்தார். அது ஒன்றை நல்ல மனசோடுதான் செய்தார், அதை மறுக்க வேண்டாம். வந்த இடத்தில் ஒரு சிக்கல். அண்ணியின் விரல்களுக்குப் பழைய தட்டச்சு மிஷின்தான் தெரியும். அதில் 'கொ' அடிக்க வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். புது விசைப்பலகையில் எல்லாம் தலைகீழ். "போடா, இந்த வயசுல எனக்கு விரலை மாத்தி வெப்பியா?" என்று அண்ணி எழுந்துவிட்டார். இவர் எங்கேயோ தேடிப் பிடித்து, பழைய மிஷின் மாதிரியே அடிக்க வசதி செய்யும் ஒரு குட்டி ப்ரோகிராமை அண்ணியின் கம்ப்யூட்டரில் மட்டும் போட்டுக் கொடுத்தார். அண்ணி ஒரு வரி அடித்துப் பார்த்தார். எழுத்தெல்லாம் முத்து முத்தாக விழுந்தது. முகம் மலர்ந்துபோயிற்று. மேஜையில் தாளம் போட்ட விரல்களுக்கு மறுபடி வேலை கிடைத்தது.

நம் ஆளுக்கும் அது நல்ல காலம். தேடலில் முதலில் ஒரு கூத்து நடந்தது. டாக்டர் ஒருவர் 'மரு' என்று தேடியிருக்கிறார். 'மருந்து' என்று எழுதிய பக்கமெல்லாம் திமுதிமுவென்று வந்து நின்றுவிட்டது. தோல் ஆஸ்பத்திரியில் மருந்து எழுதாத பக்கம் ஏது? ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் மரு முளைத்துவிட்டதா என்று டாக்டர் போன் போட்டுச் சிரித்தார். இவர் மண்டையை உடைத்துக்கொண்டு, சொல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்கும்படி சரிசெய்தார். முதலாளி எல்லார் முன்னாலும் முதுகில் தட்டினார். அந்தத் தட்டு நேராகத் தலைக்கு ஏறிவிட்டது. தன் தேடல் இனித் தப்பே பண்ணாது என்று நம்ப ஆரம்பித்தார். தேடல் பிரிவுக்குத் தலைவர் பதவி வேறு வரப்போவதாகப் பேச்சு.

அப்போதுதான் ஆஸ்பத்திரிக்காரர்கள் சரிபார்ப்பு கேட்டார்கள். அவர்களே சில பக்கங்களை எடுத்து, இந்த இந்தப் பக்கத்தில் இந்த இந்தச் சொல் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அடித்த பக்கத்தில் அந்தச் சொல் இருக்கிறதா என்று ப்ரோகிராம் தேடும். இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. எல்லாப் பெண்களின் பக்கங்களும் பச்சையாக வந்தன, அங்கங்கே ஒரு சிவப்பு. அண்ணியின் பக்கங்கள் மட்டும் திரை நிறையச் சிவப்பு.

முதலாளி டீயை ஆற்றிக்கொண்டே திரையைப் பார்த்தார். கிடைத்த சொற்கள்: காய்ச்சல், வீக்கம், அரிப்பு. கிடைக்காதவை: தோல், நோய், சொறி, தொற்று, கொப்புளம்.

"புரிஞ்சுபோச்சு சார்" என்றார் முதலாளி. "காய்ச்சல், வீக்கம்னா அடிக்கறாங்க. சொறி, கொப்புளம்னு வந்தா தாண்டிடறாங்க. அந்தம்மாவுக்கு அருவருப்பு. படிக்கவே கூசுது போல."

அந்த நிமிஷம் அவருக்குக் கட்டில் நினைவுக்கு வராமல் இல்லை. வெந்நீரும் பஞ்சும் அண்ணியின் கையும் கண் முன்னால் வந்து போயின. எங்க அண்ணிக்கா அருவருப்பு, என்ன சார் பேசறீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். குறைந்தபட்சம், ஒரு சிவப்புப் பக்கத்தையாவது திறந்து பார்த்திருக்க வேண்டும். ஒரு முறை அழுத்தினால் பக்கம் திறக்கும். அவர் அழுத்தவில்லை. தன் தேடல் தப்பாது என்ற திமிர் பாதி. வீட்டு ஆளைத் தாங்குகிறான் என்று நாலு பேர் பேசினால் பதவி போய்விடுமே என்ற பயம் பாதி.

"இருக்கலாம் சார்" என்றார்.

ஹாலில் எல்லாரும் பார்க்க முதலாளி அண்ணியைக் கூப்பிட்டு நிறுத்தினார். பிடிக்காத வேலை என்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா, இப்படிப் பாதியைத் தாண்டித் தாண்டி அடித்தால் என் கம்பெனி பெயர் என்ன ஆவது என்று குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். உயர்த்தியிருந்தால்கூடத் தேவலை. அண்ணி முதலாளியைப் பார்க்கவில்லை. கொழுந்தனைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் அடிச்சேன் தம்பி. ஒண்ணுகூட விடல. நீ சொல்லுடா."

"சிஸ்டம் பொய் சொல்லாது அண்ணி" என்றார் இவர்.

அண்ணி கண்ணாடிக் கூட்டையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே போனார். நாற்காலியை மேஜைக்குள் தள்ளிவிட்டுத்தான் போனார்.

வீட்டில் மனைவி கேட்டார், "உங்க அண்ணிக்கு அருவருப்பா? நல்லா விசாரிச்சீங்களா?" இவர் எரிந்து விழுந்தார். "உனக்கு ப்ரோகிராமைப் பத்தி என்ன தெரியும்?" மனைவிக்கு ப்ரோகிராம் தெரியாதுதான். அண்ணியைத் தெரியும். அடுப்படிக்குப் போய்விட்டார்.

அண்ணி சண்டை போடவில்லை. படியில் பார்த்தால் நின்று வழிவிடுவார். "சாப்பிட்டீங்களா?" என்பார். தலையில் குட்டி, டா போட்டுக் கூப்பிட்ட அண்ணி வாங்க போங்க என்று மாறிவிட்டார். வேறு இரண்டொரு இடத்தில் டைப்பிங் வேலை கேட்டுப் போனார். அவர் போவதற்கு முன்னால் பேச்சு போயிருந்தது. பிடிக்காத பக்கத்தைத் தாண்டுகிற அம்மாவா என்று சிரித்துக்கொண்டே இல்லை என்றார்கள். இதெல்லாம் மனைவி மூலம் இவர் காதுக்கு வந்தது. வந்தும் என்ன? தேடல் பிரிவுத் தலைவர் அறையில் ஏசி நன்றாகக் குளிர்ந்துகொண்டிருந்தது.

அண்ணியின் பக்கங்களை மறுபடி அடிக்கும் வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில், முன்பு மருவைத் தேடிய அதே டாக்டர் போன் செய்தார். பல வருஷத்துக்கு முன்னால் தான் பார்த்த நோயாளி ஒருவர் திரும்ப வந்திருக்கிறார், முதுகெல்லாம் கொப்புளமாக வந்தவர், நன்றாக நினைவிருக்கிறது, கொப்புளம் என்று தேடினால் அவர் பக்கம் வரவில்லையே என்றார். இவர் நோயாளியின் பெயரைக் கேட்டு, பெயரை வைத்துத் தேடினார். பக்கம் வந்தது. அடித்தவர் என்ற இடத்தில் அண்ணி.

அதான் பார்த்தேன், இதுவும் தாண்டின பக்கம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கீழே இறக்கினார். மூன்றாவது வரியில் இருந்தது: 'முதுகு முழுவதும் கொப்புளம்.'

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். இருந்தது. தேடல் கட்டத்தில் கொப்புளம் என்று அடித்தார். இந்தப் பக்கத்தில் இல்லை என்றது சிஸ்டம். விரலைத் திரையில் அந்தச் சொல்லின் மேல் வைத்துக்கொண்டு மறுபடி அடித்தார். இல்லை. பிறகு பக்கத்திலிருந்த சொல்லையே நகலெடுத்துத் தேடல் கட்டத்தில் ஒட்டினார். உடனே வந்தது. இந்தப் பக்கம் மட்டுமா, அண்ணி அடித்த கொப்புளங்கள் எல்லாம் அணிவகுத்து வந்தன. பார்வைக்கு இரண்டும் ஒரே சொல். எழுத்து ஒன்றுதான், உச்சரிப்பு ஒன்றுதான்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தார். விஷயம் இவ்வளவுதான். கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்தைக் கம்ப்யூட்டர் தன் வயிற்றுக்குள் இரண்டு விதமாக வைத்துக்கொள்ள முடியும். கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக வைக்கலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் வரைந்து காட்டும்போது மயிரிழை வித்தியாசம் இருக்காது. தேடும்போது மட்டும் அதற்கு இரண்டும் வேறு வேறு. மற்ற பெண்களின் விசைப்பலகை ஒரே குறியாகப் போட்டது. அண்ணியின் கம்ப்யூட்டர் மட்டும் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் போட்டது. அப்படிப் போட வைத்த குட்டி ப்ரோகிராமை அங்கே ஏற்றியவர் யார்? இவரேதான்.

கிடைக்காத சொற்களை எண்ணிப் பார்த்தார். தோல், நோய், சொறி, தொற்று, கொப்புளம். அத்தனையிலும் கொம்பும் காலும். காய்ச்சலிலும் வீக்கத்திலும் அரிப்பிலும் அந்தச் சோடி இல்லை. அருவருப்பு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்தது.

அன்று முழுக்க அவர் வேறு வேலை பார்க்கவில்லை. அண்ணியின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தார். சீழ், நாற்றம், புழு வைத்த புண் என்று டாக்டர்கள் கூசாமல் எழுதிய எல்லாவற்றையும் அண்ணி கூசாமல் அடித்திருந்தார். டாக்டரின் கிறுக்கல் புரியாத இடத்தில் அடித்துவிட்டு ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இவர் அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேடுவதற்கு முன்னால் இரண்டு விதத்தையும் ஒரே விதமாக மாற்றும்படி ஒரு வரி சேர்த்தார். ஒரே ஒரு வரி. சரிபார்ப்பை மறுபடி ஓட்டினார். அண்ணியின் பெயருக்கு எதிரே மேலிருந்து கீழ்வரை பச்சை.

முதலாளி பொறுமையாகத்தான் கேட்டார். "சரி விடுங்க சார், மனுஷன்னா தப்பு வராதா? அந்தம்மாவை நைசா கூப்பிட்டுச் சேத்துக்குவோம். ஊரைக் கூட்டாதீங்க. ஆஸ்பத்திரி காதுல விழுந்தா நம்ம பேரு கெட்டுடும்."

"அவங்க பேரு ஹால்ல வெச்சுத்தானே சார் கெட்டுச்சு? அங்கேயே சொல்றேன்."

ஹாலில் போய் நின்றார். விரல்கள் எல்லாம் நின்றன. அண்ணி எதையும் தாண்டவில்லை, தப்பு என் தேடலில், அதற்கு முன்னால் தப்பு என்னில் என்று சொன்னார். ஓரத்தில் இருந்த ஒரு பெண், குத்திக்காட்டும் எண்ணமே இல்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டார்: "அப்பவே ஒரு பக்கத்தைத் தொறந்து கண்ணால பாத்திருக்கலாமே சார்?"

அந்தக் கேள்விதான் பிறகு அவருக்குப் பெயராகவே ஒட்டிக்கொண்டது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் தன் கதவைத் திறக்காமல் எதிர்க் கதவுக்குப் போனார். அது திறந்தே இருந்தது. உள்ளே அண்ணி கட்டிலில் உட்கார்ந்து காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் படுத்திருந்த அதே கட்டில். இவர் வாசற்படியிலேயே நின்றார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், கொம்பு, கால், குட்டி ப்ரோகிராம், ஹாலில் பேசியது வரை. அண்ணி மடிப்பதை நிறுத்தாமல் கேட்டார்.

"அப்ப நான் அடிச்சதெல்லாம் இருக்கு?"

"எல்லாம் இருக்கு அண்ணி. ஒரு எழுத்து விடல நீங்க."

"அது எனக்குத் தெரியுமே."

ஒரு துண்டை உதறி மடித்து வைத்தார். "மிஷினை விடுங்க. அதுக்கு என்னை யாருன்னு தெரியும்? அதை நான் அன்னைக்கே விட்டுட்டேன். அருவருப்புன்னு முதலாளி சொன்னப்ப நீங்க பக்கத்துலதான் நின்னீங்களாம். நீங்க என்ன சொன்னீங்க?"

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லலாம். நாக்கு நுனி வரை வந்தது. "இருக்கலாம்னு சொன்னேன் அண்ணி" என்றார்.

அண்ணியின் கை நின்றது. அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார்.

"உங்கண்ணன் தினமும் கேப்பாரு. தம்பி ஏன் வாசலோட போயிடறான், உள்ள வந்து என் பக்கத்துல உக்கார மாட்டேங்கறானேன்னு. நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன், கைக்குட்டையை. உங்ககிட்டயா போய் அதைக் கேக்க முடியும், அவர்கிட்டத்தான் சொல்ல முடியுமா? அவனுக்கு வேலை ஜாஸ்தியாம்னு நான்தான் சொல்லி வெச்சேன். கடைசி வரைக்கும் அதையே நம்பிக்கிட்டுப் போனாரு மனுஷன்."

படிக்கட்டில் யாரோ ஏறிப் போகும் சத்தம் கேட்டது. அண்ணி அடுத்த துணியை எடுத்தார்.

"திங்கக்கெழமை வர்றேன்னு முதலாளிகிட்ட சொல்லிடுங்க. பாதியில விட்ட கட்டு கெடக்கும்." கட்டிலில் இருந்த துணிகளை ஓரமாக ஒதுக்கி இடம் பண்ணினார். "வாசல்லயே நிக்காதீங்க தம்பி. உள்ள வாங்க."

அந்தப் படியைத் தாண்ட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.